டோர்செட்டில் இருட்டிய நேரம்

சிட்னியில் ஜனவரி என்றால் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் 2011இல் பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்து போனோம். அங்கே குளிர்காலம் என்று தெரியும்; தடித்த ஜாக்கெட்டுகள்கூட வாங்கியிருந்தோம். நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்பதை நானும் கணவரும் யோசிக்கவில்லை. மகள் யோசித்திருந்தாள்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. லண்டனில் நாங்கள் பார்த்ததெல்லாம் சொந்தக்காரர் வீடுகள்தான். அவள் கேட்டது ஒரே ஒரு நாள். டோர்செட் கடற்கரையில் கடலுக்குள் கால் நீட்டி நிற்கும் கல் வளைவைப் பார்க்க வேண்டும். பாறைகள் என்றால் அவளுக்குப் பைத்தியம்.

அங்கே போகவிருந்த அன்று காலை, காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றோம். கணவரின் அக்கா, என் மச்சாள், அடுப்பில் இறைச்சிக்கறி வைத்திருந்தார்.

"சாப்பிடாமல் அனுப்பினா என்னை ஆர் மனுசி எண்டு மதிப்பினம்? கல்லு ஓடிப் போகாது."

"கல்லு ஓடாது மாமி. வெளிச்சம் ஓடிடும்," என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சாப்பிட்டு, மிச்சத்தைப் பார்சல் கட்டி, மச்சாளையும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. "ஓடிப் பார்த்திட்டு வாறன்" என்று காரிலிருந்து இறங்கியவள் சரிவுப் பாதையில் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் பாதையே தெரியவில்லை. அவளிடம் போன் இல்லை. பாறை எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்று அவள் பெயரைக் கத்தினேன்; அலைச்சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கணவர் போன் வெளிச்சத்தில் இறங்கிப் போனார். சேற்றில் வழுக்கி, கணுக்கால் வீங்கிப் பாதையிலேயே உட்கார்ந்திருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வளைவைப் பார்த்தியோ?" அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"இல்லை. சத்தம் மட்டும் கேட்டது."

காரில் மச்சாள் பார்சலைப் பிரித்தார். ஒருவரும் தொடவில்லை.

கடல் சத்தம் கேட்டால் இப்போதும் அந்தப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. "வேளைக்கு வெளிக்கிடுவம் மச்சாள்" என்று அன்று காலை நான் ஒரு வார்த்தை சொல்லி எல்லோரையும் கிளப்பியிருந்தால் போதும். அதற்குப் பிறகு மகள் எங்களிடம் எங்கும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த வருடம் மச்சாள் சிட்னிக்கு வந்தார். ப்ளூ மவுண்டன்ஸ் பார்க்க ஆசைப்பட்டார். நான் எதுவும் சமைக்கவில்லை. விடியவே எல்லோரையும் எழுப்பி, மகளின் அறைக் கதவைத் தட்டினேன்.

"நீங்க போயிட்டு வாங்கோ அம்மா. எனக்கு வேலை இருக்கு."

இருந்திருக்கலாம். மலை விளிம்பில் நாங்கள் நின்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். மச்சாள் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பத்து மணிகூட ஆகியிருக்கவில்லை.