வெள்ளைச் சட்டைத் துரை

மட்டாஞ்சேரிக்குத் தொலைக்காட்சி வருவதற்குப் பதினான்கு வருஷம் முன்பே, அங்கே ஒரு மனிதர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை வாரம் தவறாமல் ஓட்டிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களோ என்னவோ. பெட்டி கிடையாது, ஆன்டெனா கிடையாது. இருந்ததெல்லாம் வாய் ஒன்றுதான். பெயர் பிச்சைமணி. தொழில் சலவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து எந்தக் காலத்திலோ வந்து கொச்சியில் தங்கிவிட்ட வண்ணார் குடும்பம் அவருடையது.

டோபிகானா என்கிற பொதுச் சலவைத்துறையில் இஸ்திரி போடும் கொட்டகைதான் அவருக்குச் சினிமாக் கொட்டாய். சிரட்டைக்கரி கனலும் பெட்டியை மேசைமேல் ஓட்டிக்கொண்டே கதையை ஆரம்பிப்பார். நாயகனின் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியாது. தொடர் இங்கிலீஷில் ஓடியது, அவருக்கோ 'எஸ் சார்', 'நோ ஸ்டார்ச்' என்பதற்கு மேல் இங்கிலீஷ் வராது. 'வெள்ளைச் சட்டைத் துரை' என்பது அவரும் அவர் மகளும் சேர்ந்து வைத்த பெயர். துரையைப் பத்துப் பேர் வளைத்துக்கொள்வார்கள். ஆனால் மரியாதை தெரிந்தவர்கள், ஒவ்வொருவராகத்தான் வந்து அடி வாங்குவார்கள். துப்பாக்கிக்காரன் நூறு முறை சுட்டாலும் ஒரு குண்டுகூட மேலே படாது. கார் மலையிலிருந்து உருண்டு தீப்பிடிக்கும், துரை புகைக்குள்ளிருந்து எழுந்து வருவான். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது.

"அந்தச் சட்டையை வெளுத்தவன் எவம்னு தெரிஞ்சா அவங் கால்ல விழுவேன்" என்பார் பிச்சைமணி. பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் முப்பிடாதி இதை முந்நூறு தடவையாவது கேட்டிருப்பாள். முந்நூறு தடவையும் சிரித்திருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலானது தொடக்கக் காட்சி. வாராவாரம் பெயர் போடும்போது அதே காட்சிதான் வரும். துறைமுகம், ஒரு மோட்டார்ப் படகு கரையை விட்டு விலகுகிறது, அதில் கைகட்டப்பட்ட ஒரு பெண். துரை ஓடிவருகிறான். இடையில் தண்ணீர் அகன்றுகொண்டே போகிறது. ஒரே தாவு, படகில் போய் நிற்கிறான். இதைச் சொல்லும்போது மட்டும் பிச்சைமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரிப்பார். எத்தனையோ துணியில் சுருக்கம் அப்படியே நின்றுபோனதற்கு அந்தத் தாவல்தான் காரணம்.

அதை அவர் பார்த்தது சிங்கப்பூரில். இருபத்தைந்து வயதில் மாமனுடன் போனவர், செம்பவாங்கில் வெள்ளைக்காரனுடைய கடற்படைத் தளத்தில் சலவை வேலை பார்த்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டார். பேச்சி பிறந்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் வேலை முடிந்து குளித்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு சமூக மன்றத்துக்குப் போவார். அங்கே ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பலகையில் இடம் பிடித்து மகளை மடியில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வாரமும் துரை தாவப் போகும் நேரத்தில் அவள் இவருடைய கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விழமாட்டார்ல அப்பா?" என்று கேட்பாள். விழமாட்டார் என்று இவர் சொல்வார். போன வாரமும் விழவில்லை என்பது பேச்சிக்கு ஒரு கணக்கே இல்லை.

எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு கிளம்பினான். அங்கே பிறந்தவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. பிச்சைமணி அங்கே பிறந்தவர் இல்லை. வேலை போனதும் பெர்மிட்டும் போனது. ஆறே மாதத்தில் வேறு பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வீரலட்சுமியிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பேச்சிக்கு அப்போது ஒன்பது வயது. ஆறு மாதம் ஆறு வருஷமானது. எந்தெந்த ஆபீசுக்கோ மனுப் போட்டார், எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். எழுபத்தேழோடு அங்கிருந்து கடிதம் வருவது நின்றது. வீரலட்சுமி வேறொருவனோடு வாழ்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்குக் கோபப்பட என்ன உரிமை என்று இருந்துவிட்டார்.

ஆனால் கதையை மட்டும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று யாரும் கேட்டதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். துரை தாவுகிற இடம் வந்ததும் அவருடைய கட்டைவிரலில் ஒரு பிடி விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை அடிதடியும்.

எண்பத்தைந்தில் கொச்சியிலும் தொலைக்காட்சி வந்தது. செர்லாய்ப் பக்கத்தில் ராமபத்ரன் என்கிற பாலக்காட்டு ஐயர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு பெட்டி வாங்கினார். இருபது வருஷமாகப் பிச்சைமணி குடும்பம்தான் அந்த வீட்டுக்கு வெளுக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டையோடு போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடத்துப் பெட்டியில் துறைமுகம், விலகும் படகு, ஓடிவரும் துரை.

ராமபத்ரன் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த ஞாயிறு முதல் அது வாடிக்கையாயிற்று. இரண்டாவது வாரம் பிச்சைமணி முப்பிடாதியையும் அழைத்துப்போனார். போயிருக்க வேண்டாம். மலை அட்டையில் செய்தது என்று ராமபத்ரனின் பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரித்தார்கள். வாராவாரம் உருளுவது ஒரே கார், ஒரே உருளல். அடி விழுவதற்கு முன்பே எதிரி கீழே விழுகிறான். முடிந்ததும் முப்பிடாதி அவரோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

"நீங்க சொன்ன கததாண்ணே நல்லாருந்துச்சு" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. துரையைக் கேலி செய்ததற்காக அல்ல. பெட்டியில் துரை தாவியபோது கட்டைவிரலில் அந்தப் பிடி விழவில்லை. இனிமேல் விழாது என்றும் அவருக்குத் தோன்றிவிட்டது.

எண்பத்தாறு தை மாதத்தில் கடிதம் வந்தது. டோபிகானா விலாசத்துக்கு, இங்கிலீஷில். ராமபத்ரன்தான் படித்துச் சொன்னார். பேச்சி எழுதியிருந்தாள். கல்யாணமாகிவிட்டது. அம்மா போன வருஷம் தவறிவிட்டாள், அப்பாவின் படங்களை எப்போதோ கிழித்துப் போட்டிருந்தாள். அடுத்த மாதம் புருஷனோடு ஆஸ்திரேலியா போய்க் குடியேறப் போகிறாள். அதற்கு முன் இந்தியா வருகிறார்கள், கொச்சியில் ஒரே ஒரு நாள். வரும் சனிக்கிழமை பத்து மணிப் படகில் எர்ணாகுளத்திலிருந்து தனியாக மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டிக்கு வருவாள். ஒரு மணி நேரம் நிற்பாள். யாரிடமும் விசாரிக்க மாட்டாள். அப்பாவுக்கு விருப்பம் இருந்தால் வரட்டும். வராவிட்டால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்வாள், குறை சொல்ல மாட்டாள். அவள் விலாசம் எங்கும் எழுதவில்லை.

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் வரட்டுமா, பிச்சைமணி? கூட்டத்திலே தவறிப்போயிடப்படாது பாரு."

"எம் பிள்ளைய எனக்கு அடையாளம் தெரியாமப் போவுமா சாமி?"

சொல்லிவிட்டு வந்தவர், வெள்ளாவிக்கு அடுப்பு மூட்டும்போது மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். துரையின் முகம் வந்தது. ஒற்றைக்கண் வில்லன் வந்தான். எட்டாவது வாரத்தில் ஒரே ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரன்கூட வந்தான். மடியில் இருந்தவள் வரவில்லை. அவள் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், இவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் தடவி வகிடெடுத்த ஒரு தலை. அதன் உச்சியில் இரட்டைச் சுழி. அவ்வளவுதான். பிச்சைமணி அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு தன்னையே தேற்றிக்கொண்டார். முகம் என்ன முகம், ஆளைத் துணியிலேயே சொல்லிவிடலாமே. வண்ணாருக்கு முகம் எதற்கு? மட்டாஞ்சேரியில் எந்த வேட்டி எந்த வீட்டுக்காரருடையது, எந்தச் சேலை எத்தனை தடவை வெளுத்தது என்று பார்வையிலேயே சொல்கிறவர் அவர். சிங்கப்பூரில் வளர்ந்த பெண் உடுத்தும் துணியும், அதைத் தேய்த்திருக்கும் தினுசும் இங்கே எவரிடத்தில் இருக்கும்? தைரியம் வந்தது.

அவள் முன்னால் நைந்த வேட்டியோடு போய் நிற்கக் கூசியது. மூட்டையில் துறைமுகத்து என்ஜினீயர் ஒருவருடைய உருப்படிகள் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்க வேண்டியவை. வாடிக்கைக்காரர் துணியை ஒரு நாள் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது, எவரும் ஒத்துக்கொள்ளாதது. பிச்சைமணி இதுவரை செய்ததில்லை. வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறப் பேண்ட்டும் அவருக்கு அளவெடுத்ததுபோல் இருந்தன. காலுக்கு ராமபத்ரனின் பழைய ஷூ. அப்பாவைப் பார்த்து அவள் வெட்கப்படக் கூடாது, அதுதான் அவர் எண்ணம்.

பத்து மணிப் படகு பத்தேகாலுக்கு வந்தது. அரண்மனையும் யூதர்களின் தொழுகைப் பள்ளியும் பார்க்க வந்த கூட்டம் இறங்கியது. பிச்சைமணி ஒவ்வொரு துணியாகப் பார்த்தார். கால்சட்டை போட்ட ஒரு பெண், கறுப்புக் கண்ணாடி, சீமைத் துணி. அவள் முன்னால் போய் நின்று சிரித்தார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். கவுன் போட்ட இன்னொருத்தி கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, வெள்ளைக்காரி. ஜெட்டித் தூணோரம் இளம்பெண் ஒருத்தி நின்றாள். கரை போட்ட கைத்தறிச் சேலை. கடைக்கஞ்சி அப்படியே இருந்தது, ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்காத சேலை. மடிப்புத் தடம்கூடப் போகவில்லை. தலையில் கொத்தாக மல்லிகை. உள்ளூர்ப் பெண், புதுக் கல்யாணம், புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார். துணி விஷயத்தில் அவர் தவறியதே கிடையாது. அவள் ஒருமுறை இவர் பக்கம் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பேண்ட், ஷூ எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் பெண்ணை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று இவரும் திரும்பிக்கொண்டார்.

பத்தரையும் போய்ப் பதினொன்றும் ஆனது. இன்னொரு படகு வந்து இறக்கிவிட்டுப் போனது. பிச்சைமணி அதிலும் தேடினார். ஷூ காலைக் கடித்தது. பதினொன்றே கால் படகுக்கு மணி அடித்தபோது தூணோரம் நின்ற பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினாள். கூரைக்கு வெளியே, பின்பக்கத்துப் பலகையில், கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் இறங்கியிருந்த நேரம், படகு தாழ நின்றது. கயிற்றை அவிழ்த்தார்கள்.

பிச்சைமணி மேலேயிருந்து குனிந்து பார்த்தார். வகிடு. அதன் உச்சியில் இரட்டைச் சுழி.

அப்பனுக்குப் பிடிக்கும் என்று காலையில் கடைக்குப் போய் வாங்கி உடுத்திக்கொண்டு வந்த சேலை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறடி விலகியிருந்தது. கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எட்டடி. பதினான்கு வருஷமாக எத்தனை நூறு தடவை தாவிய தாவல், ஓடிவர வேண்டிய தூரம்கூடத் தெரியும். ஜெட்டியின் விளிம்பில் கால் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் அவர் நினைத்தது என்ஜினீயருடைய பேண்ட்டை. உப்புத் தண்ணீர் பட்டால் சாயங்காலத்துக்குள் காயாது என்று நினைத்தார். மகளை நினைக்கவில்லை, சாவை நினைக்கவில்லை, பேண்ட்டை நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் படகு தாவ முடியாத தூரத்துக்குப் போய்விட்டது.

அடுத்த படகில் எர்ணாகுளம் போனார். ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினார். நாலாவது ஓட்டலில், சிங்கப்பூர்த் தம்பதி ஒன்று மதியமே காலி செய்துகொண்டு போய்விட்டது, அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது என்றார்கள். எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வந்து பேண்ட்டைத் துவைக்காமலே தேய்த்து மடித்துச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ஜினீயர் மனைவி மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றாள். மகள் வந்தாளா என்று ராமபத்ரன் கேட்டபோது, வரலை சாமி என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் அவர் வாய் திறக்காமல் பெட்டியை ஓட்டுவதைப் பார்த்து முப்பிடாதிக்குப் பொறுக்கவில்லை. மலை அட்டையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் படகில் தாவும் இடத்தையாவது சொல்லுங்கள் என்று கேட்டாள்.

பிச்சைமணி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கைகளை விரிக்கவில்லை.

"அவந் தாவல, முப்பிடாதி" என்றார். "கரையிலயே நின்னுட்டான்."