திரைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்த பிறகு, ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடம் போக மறுத்தாள். வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். எங்களுடையது ஒற்றை அறை. நெல் மூட்டைகளை நகர்த்தி, மூலைக்கு வெள்ளையடித்து, பலகை போட்டு, பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம்.

எதிர்வீட்டு அக்கா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்குப் பொண்ண வூட்லயே வெச்சிக்கினு கீறே?" என்றார். படிக்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

சில நாளில் குழந்தைகள் நலத் துறையிலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் செய்யப் போகிறோம் என்று புகாராம். என்னை வெளியே நிறுத்திவிட்டு அவளிடம் பேசினார்கள். அவள் பின்னக் கணக்கை விளக்குவது எனக்குக் கேட்டது. அதன் பிறகே கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் எனக்குச் சந்தேகம். கதவைச் சாத்தியே வைத்தேன்.

ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்காவே சொன்னார். "நான்தாம்மா போன் பண்ணேன். என்னை இந்த வயசுலதான் இஸ்கோல நிறுத்திக் கட்டிக் குடுத்தாங்க. ஒருத்தர்கூட வந்து கேக்கல."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டேன். அவரைக் கூட்டி வந்து மகளின் எதிரில் உட்கார வைத்தேன். முழுதாக நம்பினாரா தெரியாது. இன்றும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்.