நாலு பேர் ஊற்றிய எண்ணெய்

எஞ்சின் எண்ணெய் எரிகிற மணம் வந்தால் மற்றவர்களுக்கு இருமல் வரும். எனக்குச் சிரிப்பு வரும். நேற்று ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு கிழட்டு லொறி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனது. கைக்குட்டையை எடுக்காமல் அப்படியே நின்று மூச்சை இழுத்தேன். புகைக்குள் ஓர் ஓடுதளம் விரிந்தது. வெயில், வெடித்த சீமெந்து, கொடி பிடித்த ஒரு மனிதர், அவருக்கு முன்னால் அசையாமல் நிற்கிற என் கார்.

வெள்ளைக்காரக் கடற்படை திருக்கோணமலைத் துறைமுகத்தைக் கைவிட்டுப் போனபோது, அதன் அதிகாரிகள் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரை சீலை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அப்படி நாலு கார் ஊரில் நாலு பேரிடம் தங்கின. ஒருவர் பல்வைத்தியர். ஒருவர் கப்பல்களை இழுத்துவருகிற துறைமுக டக்போட்டின் பறங்கி எஞ்சினியர். மூன்றாமவர் குடாவுக்கு அக்கரையில், கிண்ணியாவில், மரம் விற்கிற மரக்காலை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அண்ணன் முறையில் எல்லாருக்கும் அவர் நானா. ஸ்போர்ட்ஸ் காரை இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓட்டிய ஒரே மனிதரை நான் அவரில்தான் கண்டேன். நாலாவது நான், துறைமுக அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவன். என்னுடையதுதான் ஆக மோசம். இரண்டு மாரி கடற்கரையில் நனைந்து, கதவைத் தொட்டால் துருக் கறள் கையோடு வரும்.

பிறகு இறக்குமதி நின்றது. ஓர் ஆணிக்கும் வழியில்லை. அந்த வறட்சியில்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் முளைத்தது. மற்றவருடைய காருக்கு ஆகிற சாமான் கையில் கிடைத்தால், அவர் இல்லாத நேரம் பார்த்து இருக்கையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வைத்தவர் சொல்லக்கூடாது, பெற்றவர் கேட்கக்கூடாது. ஒரு நாள் என் இருக்கையில் விசிறிப் பட்டி. ஒரு நாள் விளக்கு வளையம், பல்லுப்போல மினுக்கப்பட்டு. ஒரு வெள்ளிக்கிழமை கூரைக்கு அளவாக வெட்டித் தைத்த பாய்மரச் சீலை. யார் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் நாலு பேரும் சந்தித்தால் கதை முழுக்க மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும்தான்.

மூன்று வருடம் அந்தக் காரைக் கட்டினேன். இல்லை, கட்டினோம். ஒரே ஒரு முறை அது தன் முழு வேகத்தில் ஓடவேண்டும் என்பதுதான் என் ஆசை. மாடும் வண்டிலும் நடக்கிற எங்கள் தெருக்களில் அது நடக்காது. அப்போதுதான், போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன பழைய ஓடுதளம் ஒன்றை ஒரு நாளைக்கு மட்டும் திறந்து தருவார்கள், கொழும்புக் கார்க்காரர்கள் வந்து நேரம் பிடித்து ஓடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டம். மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள். மூன்றாவதற்கும் கார் புறப்படாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

என் பெயர் கூப்பிடப்பட்டது. எஞ்சினை முடுக்கினேன். உறுமியது, விக்கியது, பின்னால் ஒரு நீல மேகம் எழுந்து கொடிக்காரரையே மூடியது. பிறகு அமைதி.

"என்ன மென், மீன் பொரிக்கிறாயா?" என்று எஞ்சினியர் ஓடி வந்தார்.

பல்வைத்தியர் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தார். அடையாளக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு ஈரம்.

"தம்பி, இது எஞ்சின் இல்லை, கிணறு. ஆர் ஊத்தினது?"

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அன்றுதான்.

"நேற்றுப் பின்னேரம் நான் ஊத்தினனான், டொக்டர். அளவாத்தான்," என்றேன்.

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். "காலமை நானும்... ஒரு போத்தல். சின்னப் போத்தல், மென்."

"நானும் ஒண்டு ஊத்தின," என்றார் நானா. "எப்பவும் ஒழுகுற கார், பாவமெண்டு."

மூவரும் பல்வைத்தியரைப் பார்த்தோம். அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைசியா ஊத்தினது நான்தான். கம்பியைப் பாக்கேல்லை. ஒருத்தருக்குக் குடுக்கிற நேரம் அவற்ற குறையை அளந்து பாக்கிறது மரியாதையோ?"

கிடைக்காத காலத்து எண்ணெய். ஒவ்வொருவரும் தன் காருக்கென்று ஒளித்து வைத்திருந்தது. அத்தனையும் என் எஞ்சினின் வயிற்றில்.

இரண்டாம் அழைப்பு வந்தது. கொழும்பாருக்காக அன்று வெள்ளைக் காற்சட்டை போட்டு வந்திருந்த எஞ்சினியர், அதோடேயே காருக்கடியில் ஊர்ந்து எண்ணெய் வடிக்கிற அடியாணியைத் திறந்தார். பல்வைத்தியர் வாய் கொப்பளிக்க வைக்கிற எனாமல் கோப்பையைக் கொண்டுவந்து பிடித்தார். நான் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் கரியும் எண்ணெயுமாய் நனைந்திருந்தன.

"அத நீ துடைச்சு முடிக்க அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க," என்றார் நானா. திரும்பிப் பார்த்தால் தன் காரின் மூடியைத் திறந்து நிற்கிறார், கையில் நாலு பிளக்.

"நானா, எனக்கு அடுத்தது நீங்கள்."

"என்ட பேரு எனக்குத் தெரியும். நீ வாசிச்சுக் காட்டத் தேவையில்ல. பிடி!"

மூன்றாவது அழைப்பு காற்றில் இருக்கும்போதே என் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொடி விழுந்தது.

அந்த ஓட்டத்தை நான் எத்தனையோ முறை எழுதப் பார்த்துக் கைவிட்டிருக்கிறேன். சீமெந்து வெடிப்புகள் ஒவ்வொன்றாய் முதுகெலும்பில் தட்டின. பிறகு தட்டுகள் சேர்ந்து ஒரே அதிர்வாகின. பிறகு அதிர்வும் இல்லை, காற்று மட்டும். பாய்மரச் சீலை தலைக்குப் பின்னால் படபடத்தது. இடப்பக்கம் குடா ஒரு நீலக் கோடாய் இழுபட்டது. முடிவுக்கோட்டைத் தாண்டியும் காலை எடுக்க மனமில்லை.

திரும்பி வந்தபோது நானாவின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பிளக்குகள் தொடமுடியாத சூடு. சாரத் தலைப்பால் அவர் ஒவ்வொன்றாய்த் திருகி எடுக்க, கொடிக்காரர் மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம், நானாவுக்கும் பிறகு ஓடவேண்டிய கொழும்புச் சிங்கள இளைஞன் ஒருவன் தன் காரைக் கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினான். என்னை முதலில் விடுங்கள் என்று கொடிக்காரரிடம் கேட்டான். கேட்டவன் புறப்பட வேண்டுமே! இறங்கினான். ரயரில் காற்று அளந்தான். நாலு ரயரையும் அளந்துவிட்டு, பின்னால் கட்டியிருந்த ஐந்தாவதையும் அளந்தான். எங்கள் பக்கம் பார்த்து, நானாவின் கடைசிப் பிளக் இறுகியதைக் கண்ட பிறகுதான் ஏறி ஓடினான். கொடிக்காரர் அதுவரை குடாவில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானாவும் ஓடினார், சாரம் காற்றில் ஊதிப் பருக்க.

மாலையில் கொடிக்காரர் என் காரைச் சுற்றி வந்தார். விளக்கு வளையத்தைத் தடவினார். சீலையை இழுத்துப் பார்த்தார். "இது எந்த ஃபாக்டரி?" என்று இங்கிலீசில் கேட்டார். அந்த மூவரும் என் பின்னால் நின்றார்கள். ஒருவர் காற்சட்டையில் எண்ணெய், ஒருவர் கையில் எனாமல் கோப்பை, ஒருவர் விரல்களில் சூட்டுக் கொப்புளம். "திருக்கோணமலை," என்றேன். வாழ்க்கையில் வேறு எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்று பதில் சொன்னதில்லை.

நானாவை வழியனுப்பத் துறையடி வரை போனேன். காரையும் ஆளையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அது கரை தட்டி நின்றது. அவர் காரை மெல்ல அதன் பலகையில் ஏற்றினார். கயிற்றை அவிழ்க்கும்போது கூப்பிட்டார்.

"தம்பி! உன்ட நேரம் எவ்வளவாம்?"

அப்போதுதான் உறைத்தது. "கேக்கேல்லை, நானா. உங்கட?"

"நானும் கேக்கல்ல." பாதை நகரத் தொடங்கியது. "வுடு தம்பி. ஓடினதுதானே!"