வெர்லின் கோசெக்கும் ஒரு அங்குலமும்

வெர்லின் கோசெக் ஆறாம் வகுப்போடு பள்ளியை உதறியவர். அயோவாவின் அந்தச் சோளக்காட்டுச் சீமையில் பழைய கார் உடைக்கும் யார்டு ஒன்றைச் சொந்தக் கையால் எழுப்பியவர். அதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவர் யார்டு திறந்த வருஷம்தான் ஒரு பெரிய கம்பெனியின் நடுத்தர அளவுக் காரும் இளைத்துச் சிறுத்து வந்தது. ஷெவர்லே, போண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று நெற்றியில் பெயர்தான் வேறு. கீழே எல்லாவற்றுக்கும் சேஸி என்கிற அடிச்சட்டம் ஒன்றேதான், பின்சக்கரம்தான் தள்ளும். பத்து வருஷத்தில் அந்த வம்சம் முடிந்தது. முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு ஊரே மாறியபோது மற்ற யார்டுக்காரர்கள் இவற்றை நசுக்கி இரும்புக்கு அனுப்பினார்கள். வெர்லின் மட்டும் சோளம் விதைக்கிற நிலத்தில் அடுக்கி வைத்தார். "மழை பேஞ்சா இது முளைக்குமாய்யா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

முளைத்தது. மண் தடத்தில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றுகிற கார்ப் பந்தயத்தில் ஓட அந்தச் சேஸிதான் வேண்டும் என்று விதி வந்தது. வெர்லின் வாசலில் பலகை மாட்டினார்: 'இங்கே கோணல் சேஸி விற்றதே இல்லை.' டேப் வைத்து அளக்கவும் மாட்டார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வட்டாரத் திருவிழாவின் மண் பந்தயத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மகள் டோனியா முதல் தடவையாக ஜெயித்தாள். ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவள். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. கோப்பையைத் தொடுவதற்குள், இரண்டாவதாக வந்த டேல் ஹ்ரூபெஷ் கையைத் தூக்கினான்.

"அளங்கப்பா. அவ வண்டி இடது பக்கம் தானா திரும்புது."

பந்தயப் பரிசோதகர் ஆர்லோ டேப்பை இழுத்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வலப்பக்கம் நூற்றெட்டு அங்குலம். இடப்பக்கம் நூற்றேழு.

"இடி வாங்கி மடங்கினதுன்னா ஒரு அங்குலம் வரைக்கும் விட்டுடலாம். வேணும்னே அழுத்தி மடக்கினதுன்னா கோப்பையும் கிடையாது, ஒரு வருஷம் வண்டியும் ஓட்டக் கூடாது. மேல பெயிண்ட் ஏறிக் கெடக்கு, எனக்குத் தெரியல," என்றார் ஆர்லோ.

"நான் மடக்கலைங்க. வாங்கினபடியேதான் ஓட்டினேன்," என்றாள் டோனியா.

டேல் சிரித்தான். "எங்க வாங்கின? உங்கப்பா கிட்டதான? கோணலே வித்ததில்லன்னு பலகை தொங்குதே. என்ன பெருசு, பலகை பொய்யா, பொண்ணு பொய்யா?"

பந்தயம் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் வெர்லினைத் திரும்பிப் பார்த்தது. கையில் இருந்த பன்றிக்கறி ரொட்டியை ஆர்லோவிடம் கொடுத்துவிட்டு, அறுபத்தெட்டு வயது உடம்பை மடக்கிக் காருக்கு அடியில் நுழைந்தார். முன்சக்கரத்துக்குப் பின்னால் விரலை ஓட்டினார். பெயிண்டுக்கு அடியில் ஒரு சுருக்கம். நகத்தால் சுரண்டினார். சுருக்கத்துக்குள் பழைய துரு. அதன்மேல் அவர் யார்டில் மட்டும் அடிக்கும் அசட்டுப் பச்சை.

வெகுநேரம் வெளியே வரவில்லை.

"அப்பா, உயிரோட இருக்கீங்களா?" என்றாள் டோனியா.

"யோசிக்கிறேன். தொந்தரவு பண்ணாத."

வெளியே வந்தவர் நேராக அறிவிப்பாளரிடம் போய் மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தச் சேஸி நான் விக்கும்போதே கோணல். எங்கேயோ இடிபட்டது. நான் பாக்கல."

முப்பத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஆர்லோ கோப்பையை எடுத்து டோனியா கையில் வைத்தார். அவள் கோப்பையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் இன்னும் வெர்லினிடம்தான் இருந்தது. அதுதான் தப்பு.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க! எங்கிட்ட நேரான சேஸி வாங்கின இருபத்திரண்டு பேரும் இன்னிக்கு என் பொண்ணுக்குப் பின்னாலதான் வந்தீங்க. நான் தெரியாம வித்த கோணலே இப்படி ஓடுதுன்னா..."

அறிவிப்பாளர் ஒயரைப் பிடுங்கினார்.

செவ்வாய்க்கிழமை டேல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யார்டுக்கு வந்தான். "வெர்லின் ஐயா, அதே மாதிரி இடது பக்கம் மடங்கினது இன்னொண்ணு இருக்குங்களா?"

வெர்லின் வாழ்க்கையில் முதல் தடவையாக டேப்பை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். மிச்சமிருந்த நாற்பத்தொன்றையும் சாயங்காலம் வரை அளந்தார். ஒன்றுகூடக் கோணல் இல்லை. அவமானத்தோடு திரும்பி வந்தார்.