அலவாங்கின் மறுமுனை

நிந்தவூரில் முகம்மது தம்பியின் லொறி ஒழுங்கைக்குள் திரும்பினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஸ்பிரிங் பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் கடக் கடக் என்று அடிக்கும். அறுவடையும் தொடங்கிவிட்டது. இந்த ஆட்டத்தோடு நெல் மூட்டை ஏற்றினால் லொறி வாய்க்காலுக்குள்தான் போய்ப் படுக்கும். வியாழக்கிழமை பின்னேரம் வளவிலேயே ஜக் போட்டு, மரக்கட்டை அண்டைகொடுத்து லொறியைத் தூக்கினார்.

கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம்தான். முப்பது வருடமாக வேறு ஆள் கைபடாத லொறி என்ற கெப்பர் அவருக்கு.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய புஷ்ஷைத் தட்டிக் கழற்றி, புதியதில் சவர்க்காரத் தண்ணீர் பூசி உள்ளே அடிக்க வேண்டும். கடைசியில் பட்டையின் கண்ணையும் தாங்கியின் ஓட்டையையும் நேராக்க ஒருவர் அலவாங்குக் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க, மற்றவர் இரண்டுக்கும் ஊடாக இரும்புப் பின்னை அடித்து இறக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஓர் ஆள் குறையும். முன்பெல்லாம் அலவாங்கின் மறுமுனையில் மனைவி சுஹறா நிற்பாள். "மெல்ல அடிங்க, கையில படப்போகுது" என்று ஏசிக்கொண்டே பிடிப்பாள். அவள் மௌத்தாகிப் பதினாலு மாதம்.

வீட்டில் ஆம்பிளை இல்லாமலில்லை. மருமகன் இன்ஷாப் இருக்கிறார். ஆனால் இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனம். இந்த வீடும் மகள் அஸ்னாவின் பெயருக்கு எழுதியாயிற்று. அங்கே வந்திருக்கும் மருமகனை, அதுவும் கந்தோரில் பேனை பிடிக்கும் ஆளை, கிறீஸுக்குள் கையை வையுங்கள் என்று எந்த மாமனாவது கேட்பானா? இரண்டு வருடமாக இருவருக்கும் ஸலாமும் சாப்பாட்டு விசாரிப்பும்தான் பேச்சு.

அலவாங்கைக் காலால் மிதித்துக்கொண்டு பின்னை வைத்தார். கால் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"சுஹறா, இதப் புடி!"

வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. கூப்பிட்ட பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவு வந்தது.

அந்த நேரம் பார்த்து அலவாங்கு அசையாமல் நின்றது. கண்ணும் ஓட்டையும் நேருக்கு நேர் வந்தன. அவர் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரென்று தெரிந்துவிடுமே. பார்த்தபோது, அயன் பண்ணின களிசான், இன்ஷாப்.

"ஐயோ மகன், நீங்க என்னத்துக்கு? உடுப்பு ஊத்தையாகும், விடுங்க."

"பரவால்ல மாமா, நான் புடிக்கிறன்."

"வேணா மகன், விடுங்க. நான் பாத்துக்கிறன்."

மரியாதையாகத்தான் சொன்னார். இன்ஷாப் கையை எடுத்தார். ஓட்டை விலகியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

இன்னொரு ஜக்கை இரவல் வாங்கி வந்து அந்தப் பக்கத்தை முடிக்க மஃரிபாகி இருட்டிவிட்டது. அஸ்னா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"வாப்பா, அவரு மொகமே சரியில்ல. மாமா என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடுறாரில்ல, நான் இந்த ஊட்டுல விருந்தாளிதான் எண்டு சொல்றாரு."

முகம்மது தம்பி கோப்பையை வாங்கி லொறிப் படியில் வைத்தார். அந்த வீட்டில் விருந்தாளி தான்தான் என்றல்லவா அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

விடிந்ததும் மற்றப் பக்கத்தைக் கழற்றினார். இரவல் ஜக்கை இரவே திருப்பிக் கொடுத்தாயிற்று. 'மகன், இதக் கொஞ்சம் புடிங்க.' நாலே நாலு சொல். லொறிக்கு அடியில் கிடந்தபடி பத்துத் தரம் சொல்லிப் பார்த்தார். எட்டு மணிக்கு இன்ஷாப் கந்தோருக்கு வெளிக்கிட்டு வந்தார். லொறிக்குப் பக்கத்தில் வந்ததும் நடை தாமதித்தது.

"மகன்..."

"சொல்லுங்க மாமா."

முகம்மது தம்பி லொறிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"தேத்தண்ணி குடிச்சாச்சா?"

"ஓம் மாமா."

இன்ஷாப் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

முகம்மது தம்பி அலவாங்கைக் காலால் மிதித்தார். வழுக்கியது. இந்தத் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை.