ஐந்து நிமிட ஓட்டம்

ஆர்ன் டோலெஃப்ஸனைப் பற்றி ஹேஸல் கிரீக்கில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். கோதுமை நிலத்தை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குள் குடிவந்தவர். வயது எழுபத்திரண்டு. பதினோரு குளிர்காலமாக ஊரின் தீயணைப்பு லாரி அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, இருநூறு பேர் இருக்கிற ஊரில் எல்லா வேலையும் இப்படி யாராவது ஒருவர் தலையில்தான் விழும். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் லாரியைக் கிளப்பி, தானியக் கிடங்கு வரை போய், தபால் ஆபீஸ் வழியாகத் திரும்பி வந்து நிறுத்துவார். ஐந்து நிமிடம். பிள்ளைகள் கை காட்டினால் மணியும் அடிப்பார்.

அந்த ஐந்து நிமிடம்தான் வினை என்று அவருக்குத் தெரியாதா என்ன? மெக்கானிக் ஓரெஸ்ட் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறான்.

"யோவ், ஓட்டுறதுன்னா நெடுஞ்சாலை வரைக்கும் ஓட்டு. இருபது மைல். எஞ்சின் நல்லா சூடேறணும்யா. இந்தக் குளிர்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைச்சா உள்ளுக்குள்ள வேர்த்து, அந்தத் தண்ணி ஆயில்லயே தங்கிடும். அதுக்கு நீ ஓட்டாமலே இருக்கலாம்."

"சரிப்பா, அடுத்த வாரம் போறேன். கத்தாத."

போகமாட்டார். பத்து மணிக்குக் காபிக் கடையில் சீட்டு மேசை. நேரத்துக்குப் போனால் லவங்கப்பட்டை பன் சூடாகக் கிடைக்கும். தாமதித்தால் அவர் நாற்காலியில் வேறு எவனாவது உட்கார்ந்துவிடுவான். கேட்டால் சிரிப்பீர்கள், இவ்வளவுதான் காரணம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பாலேடு மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஆர்ன் அதைத் துணியால் துடைப்பார், மூடியைத் திருகுவார், சீட்டாடப் போய்விடுவார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய் மதியம், மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. பதினான்கு மைல் தள்ளியிருந்த பண்ணையில், லைல் கூசிக், அவன் மனைவி வெர்னா இருந்த வீட்டின் புகைபோக்கியில் தீப்பிடித்தது. லாரியை ஆர்ன்தான் ஓட்டினார். எஞ்சின் அன்றைக்குத்தான் உண்மையாகச் சூடேறியது. வாரக்கணக்கில் ஆயிலில் தங்கியிருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகக் கிளம்பி, எஞ்சின் மூச்சுவிடும் குழாயின் வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டது. போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, இருந்த ஆயிலையெல்லாம் வெளியே தள்ளிவிட்டது. கடகடவென்று ஒரு சத்தம். ஒன்பதாவது மைலில் லாரி நின்றது. எதிரே புகை எழும்புவது தெரிகிறது, ஆர்ன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பக்கத்து ஊர் வண்டி போய்ச் சேர்வதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. நல்லவேளையாக உயிருக்குச் சேதமில்லை.

"என்னய்யா ஆச்சு?" என்று காபிக் கடையில் கேட்டார்கள்.

"நேரமாயிடுச்சேன்னு விரட்டி ஓட்டினேன். அந்தக் குளிர்ல தாங்கல" என்றார் ஆர்ன். வாயில் தானாக வந்துவிட்டது. ஊரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தது.

ஓரெஸ்ட் எஞ்சினைப் பிரித்த அன்று அவரை மட்டும் கூப்பிட்டான். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக அப்பிக் கிடந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லப் போறதில்ல. சொல்ல வேண்டியவன் நீ."

சொன்னாரா? இல்லை. சீட்டாட்டத்தை விட்டார், பன்னைத் தொடவில்லை, ராத்திரி தூக்கம் போயிற்று. எல்லாம் சரி, வாய் மட்டும் திறக்கவில்லை. கூசிக் தம்பதி இரவல் டிரெய்லர் வீட்டில் குடியேறியதும் வாராவாரம் போய் ஏதாவது செய்து கொடுத்தார். அலமாரி அடித்தார், குழாயைச் சரிபார்த்தார். "உங்கள மாதிரி தங்கமான மனுஷன் உண்டா!" என்று வெர்னா சொல்லும்போதெல்லாம் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருக்கும் அவருக்கு. அப்படி நினைத்துக்கொண்டே அவள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வருவார். என்ன மனுஷனோ!

மே மாதம் அந்த டிரெய்லரின் வாசற்படியில் பலகை மாற்றிக்கொண்டிருந்தார். மெல்லிய சுவர்; உள்ளே வெர்னா புருஷனிடம் பேசுவது வெளியே கேட்டது.

"உடனே கூப்பிட்டிருந்தா அந்தப் பெரியவர் எதுக்கு லாரிய விரட்டப் போறாரு? அது எதுக்கு நடுவழியில சாகப் போகுது? நானே அணைச்சிடுவேன்னு ஏணியத் தூக்கிட்டு நின்னியே! பெரிய வீரன்! எங்கம்மா வீடுடா அது. உன் மூஞ்சில முழிக்கவே புடிக்கல எனக்கு."

"என் தப்புதான் வெர்னா" என்றான் லைல். தினமும் சொல்லிப் பழகிய குரல்.

லைல் ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தாலும் லாரி வழியில்தான் நின்றிருக்கும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: ஐந்து நிமிடம், ஓரெஸ்ட் சொன்னது, துடைத்த துணி, சீட்டு மேசை, விரட்டி ஓட்டினேன் என்ற பொய்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் வெர்னா.

"ஜனவரியிலயே."

"வீடு போச்சு. எஞ்சினக் கெடுத்தது உங்க சோம்பேறித்தனம். அதக்கூட மன்னிச்சிடலாம். நாலு மாசமா இந்த மனுஷன நான் நாயவிடக் கேவலமா நடத்தினேன். நீங்க வாராவாரம் வந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

லைல் எழுந்துபோய் காபி ஊற்றினான். யார் வந்தாலும் கேட்காமலே காபி ஊற்றிவைக்கிற ஊர் அது. லைல் இரண்டு கோப்பைதான் எடுத்துவந்தான். ஒன்றை மனைவி முன்னால் வைத்தான், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தான்.

"கதவச் சாத்திட்டுப் போங்க ஆர்ன்" என்றான்.

அவர் சாத்திவிட்டுப் போனார்.