ஜெனரேட்டர் ஓடும் வரைக்கும்

கரண்ட் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் செல்லிதான். மற்றவர்களுக்குக் கரண்ட் போனால் எரிச்சல். பெரிய ஹாலில் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தின் கடுகளவு சாமான்களைச் சரிபார்க்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார். அடுத்த அறையில், அந்தப் பெண்களின் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் செல்லி மட்டும் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது கொஞ்சம் தயங்கினால் போதும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பாரூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. ஓசூரில் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கியபோது புருஷன் திம்மப்பனோடு கல் சுமக்க வந்தாள். அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள். இரண்டும் தோலும் எலும்புமாகத்தான் போயின. மூன்றாவதாக சம்பங்கி பிறந்து கொஞ்ச நாளில், பெங்களூரில் கூலி ஜாஸ்தி என்று போன திம்மப்பன் அங்கேயே இருந்துவிட்டான். அவன் போனதற்கு அவள் ரொம்ப நாள் அழவில்லை. இந்தப் பிள்ளையையாவது உடம்பு பிடிக்க வைத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவளுக்கு.

பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் கம்பெனி என்பதால் சட்டப்படி ஒரு குழந்தைகள் அறை வைத்திருந்தார்கள். அதற்கு ஆயா வேண்டும் என்று கேள்விப்பட்டு, சம்பங்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். பர்சனல் ஆபீசர் கிருஷ்ணப்பன் கேட்டது ஒன்றுதான்.

"முன்னாடி இருந்த ஆயாவை ஏன் அனுப்பிச்சோம் தெரியுமாம்மா? சத்தம். இந்தப் பக்கம் செவுத்துக்கு அந்தாண்ட ஹாலு, அந்தப் பக்கம் என் ரூமு. சத்தம் வராம பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேங்க சார். எம் புள்ளயும் கூட இருக்கலாமுங்களா?"

"இருக்கட்டும். அதுவும் கத்தக்கூடாது."

செல்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆளுக்கொரு பாய். கேன்டீனிலிருந்து வரும் பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டு ரஸ்க்கை ஊறவைத்துக் கொடுப்பாள். தின்றுவிட்டுத் தூங்கும்; எழுந்து சிணுங்கினால் இன்னொரு ரஸ்க். பெங்களூரிலிருந்து பெரிய ஆபீசர்கள் வந்து எட்டிப் பார்த்தபோது குழந்தைகள் எல்லாம் சாமி படத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன. கிருஷ்ணப்பனுக்கு அன்று நல்ல பெயர்.

தாய்மாருக்கும் சந்தோஷம். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு உள்ள வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஓசூருக்கு வந்த ருக்மணி, சாயங்காலம் தன் மகனைத் தூக்கும்போது, "ஆயாம்மா, இடுப்பே கழண்டுடும்போல இருக்குது" என்று பெருமையாக அலுத்துக்கொள்வாள். ஊரில் என்றால் ருக்மணி வீட்டார் செல்லியை வேறு மாதிரி கூப்பிட்டிருப்பார்கள். கம்பெனிக்குள் அவள் எல்லோருக்கும் ஆயாம்மா.

எல்லாரையும்விடக் கொழுத்தது சம்பங்கிதான். கன்னத்தில் மூக்கு புதைந்திருந்தது. லைன் வீட்டுப் பெண்கள் திருஷ்டிப் பொட்டைப் பெரிசாக வை என்றார்கள். வைத்தாள். நாலு வயசில் தொடையிரண்டும் உரசிப் புண்ணானபோது தேங்காய் எண்ணெய் தடவினாள். ராத்திரி பெரிய ஆள் மாதிரி குறட்டை விட்டபோது சளி என்று நினைத்தாள். நடக்கும்போது பிள்ளை வாத்து மாதிரி அசைந்து, எட்டு வைக்க முடியாமல் வழியிலேயே குந்திக்கொண்டு, "அம்மா, தூக்கு" என்று அழ ஆரம்பித்த பிறகுதான் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

லேடி டாக்டர் பிள்ளையின் முட்டியை அழுத்திப் பார்த்தார். "என்ன குடுக்கறம்மா இதுக்கு?"

"பாலும் ரஸ்க்கும் நெறைய தின்னுங்க. சோறும் ஊட்டுவேன்."

"எவ்வளவு நேரம் விளையாடுது?"

செல்லிக்குக் கேள்வி பிடிபடவில்லை. "சமத்துங்க. குந்த வெச்ச எடத்துலயே குந்தியிருக்கும்."

"அதாம்மா வியாதி. கனம் தாங்காம கால் வளையுது பாரு. இப்பவே எடை குறைஞ்சு ஓடியாடினா நிமிர வழி இருக்கு. இப்படியே விட்டா பெங்களூருக்குக் கொண்டுபோய் எலும்பை அறுத்துத்தான் நிமித்தணும்."

"எதுனா மருந்து எழுதிக் குடுங்கம்மா."

"ஓடறதுக்கு எந்தக் கடையில மருந்து விக்கறான்? ரஸ்க்கை நிறுத்து. பிள்ளையை ஓட விடு."

ரஸ்க்கை அன்றே எல்லோருக்கும் நிறுத்திவிட்டாள். பிள்ளை அழுதது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எங்கே ஓட விடுவது? விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டித்தான் வந்து சேர்வார்கள். வாசலை ஒட்டி பெங்களூர் ரோடு, லாரிகள் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை சந்தில் இறக்கிவிட்டுப் பார்த்தாள். சந்துப் பிள்ளைகள், "பூசணிக்கா வருதுடா, உருட்டுங்கடா" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதோடு சம்பங்கி கதவுக்கு வெளியே காலை வைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

மிச்சம் இருந்தது கம்பெனிதான். பிள்ளையை அங்கே கொஞ்சம் ஓட விடலாமா என்று கிருஷ்ணப்பனிடம் போய் நின்றாள்.

"ஏனம்மா, வெளிய விட்டா சாமான் வண்டி திரும்புற எடம். உள்ள ஓடினா சத்தம். அங்க ஒருத்தி திரும்பிப் பாத்தா ஒரு தட்டு சாமான் கீழ. நான் யாருக்குப் பதில் சொல்றது?" அவர் கோபப்படவில்லை. "வேணும்னா உம் புள்ளய வூட்ல வுட்டுட்டு வா."

வீட்டில் விடுவது என்றால் பூட்டிவிட்டு வருவதுதான். அவள் குழந்தைகள் அறைக்குத் திரும்பினாள்.

வழி கிடைத்தது ஒரு மத்தியானம். கரண்ட் போய், குழந்தைகள் அறைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஜெனரேட்டர் கிளம்பியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து ருக்மணியின் மகன் அடுத்த குழந்தையின் தலைமயிரைப் பிடித்து இழுக்க, அது வீரிட்டுக் கத்தியது. செல்லி பதறி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இந்தச் சுவரும் கேட்கவில்லை, அந்தச் சுவரும் கேட்கவில்லை. பிறகு பாய்களைச் சுருட்டி மூலையில் போட்டாள்.

அன்றிலிருந்து ஜெனரேட்டர் ஓடினால் ஆட்டம். செல்லி பருந்து, பிள்ளைகள் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு கோழிக்குஞ்சுகள். கைகளை விரித்துக்கொண்டு அவள் பாய்வாள், வரிசை வளைந்து நெளிந்து ஓடும், தொண்டை கிழியக் கத்தும். சம்பங்கி கடைசிக் குஞ்சு. முதலில் இழுத்த இழுப்புக்கு வந்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே குந்தப் பார்த்தவளை மற்றவர்கள் விடவில்லை. வால் இல்லாமல் ஆட்டம் ஏது? ஜெனரேட்டர் நின்ற கணம் எல்லாம் அவரவர் பாய்க்கு ஓடிப் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதுதான் சட்டம். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டாகிவிட்டது.

அந்த வருஷம் கோடை முழுக்கக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. சம்பங்கியின் தொடைப் புண் ஆறியது. ஒருநாள் பஸ் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். "இன்னாம்மா, மூட்டை இன்னிக்குத் தானா ஏறுது?" என்றான் கண்டக்டர். செல்லிக்கு அவன் மேல் கோபமே வரவில்லை.

ருக்மணிதான் வந்து நின்றாள். "என்னா ஆயாம்மா, எம் புள்ள சட்டை தொளதொளன்னு ஆவுது?"

"ஓடுதுங்க, ஆடுதுங்க. நல்லதுதாம்மா."

"எது நல்லது? எங்க மாமியா பாத்தா, மருமவ சோறு போடலன்னு ஊரு பூரா சொல்லிட்டு வரும். பழையபடி ரஸ்க்கைக் குடு. எம் புள்ள எளைச்சா உன்னைத்தான் கேப்பேன்."

"சரிங்கம்மா" என்றாள் செல்லி. அடுத்த தடவை ஜெனரேட்டர் கிளம்பியதும் பாயைச் சுருட்டிய முதல் ஆள் ருக்மணியின் மகன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். பூஜைக்கு மட்டும் இல்லை, கம்பெனிக்கென்று தனி மின்சார லைன் வந்துவிட்டதாம், இனிமேல் கரண்ட் போகாதாம். ஹாலில் கைதட்டினார்கள். செல்லி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குப் போனாள். ஜெனரேட்டர் ஓட்டும் திம்மராயன் அதன் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தெனம் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டக்கூடாதா?"

"டீசல் உங்கூட்லேர்ந்து கொண்டாறியா?"

"எம் புள்ளைக்குக் காலு வளைஞ்சு போவும்ண்ணா."

திம்மராயன் அவளையும் ஜெனரேட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "கால் வளையறதுக்கும் இதுக்கும் என்னா? போம்மா, எனக்கு வேலை போயிடும்."

சத்தமில்லாமல் ஆட வைத்துப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கோழிக்குஞ்சுகள் ஓடின. பருந்து பாய்ந்ததும் சிரிப்பு வெடித்தது. சுவரில் டொக் டொக் என்று தட்டினார் கிருஷ்ணப்பன். இரண்டு தடவை தட்டல். மூன்றாவது தடவை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். பாய்கள் மறுபடி விரிந்தன. பிள்ளைகள் ஃபேனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். "ஆயாம்மா, எப்போ ஜெனரேட்டரு?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேட்பதையும் நிறுத்தினார்கள். சம்பங்கி பழையபடி ஜன்னலுக்கடியில் போய் உட்கார்ந்தாள். பஸ் படியில், "தூக்கும்மா" என்றாள். மறுபடி எண்ணெய் தடவ வேண்டியிருந்தது. குளிப்பாட்டும்போது அவள் முட்டிகளுக்கு நடுவே தன் கையை விட்டுப் பார்ப்பாள் செல்லி. முன்னைவிட இடம் தாராளமாக இருந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் வாயில் வைத்து அமுக்கிக்கொள்வாள், பிள்ளைக்கு அழுகை கேட்கக்கூடாது என்று.

கார்த்திகை மாசம் ஒரு மத்தியானம், பால் குடித்து முடித்த சம்பங்கி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை, பழகிப்போன மாதிரி காலை நீட்டிக்கொண்டாள். செல்லி எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அறை நடுவில் நின்று கன்னத்தை உப்பி, தொண்டை அடியிலிருந்து, "டுர்ர்ர்ர்" என்றாள்.

பிள்ளைகள் முழித்தார்கள். ருக்மணியின் மகன்தான் முதலில் புரிந்துகொண்டு பாயைச் சுருட்டினான். அவள் இன்னும் சத்தம் கூட்டினாள். எல்லாம் எழுந்துவிட்டன. ஒன்று சம்பங்கியின் கையைப் பிடித்து இழுத்து வாலில் சேர்த்தது. கத்தல் கூரையைத் தொட்டது.

கிருஷ்ணப்பன் சுவரைத் தட்டவில்லை, வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனம்மா இது? புத்தி கெட்டுப்போச்சா?"

பதில் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் ஜெனரேட்டர் நின்றுவிடும். நின்றால் பிள்ளைகள் பாய்க்குப் போய்விடும். அதை அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். கையெடுத்து மட்டும் கும்பிட்டாள்.

"இப்ப நிறுத்தலன்னா நாளைக்குக் கேட்டுக்குள்ள வராத. சொல்லிட்டேன்."

அவளுக்குக் கேட்டது. நாளை பூட்டிய வீடும் பெங்களூர் ரோடும் கண்ணுக்குத் தெரிந்தன. மூச்சு தீர்ந்து நெஞ்சு எரிந்தது. மூக்கால் அவசரமாகக் காற்றை இழுத்துக்கொண்டு, கும்பிட்ட கையை இறக்காமல், "டுர்ர்ர்ர்" என்றாள் மறுபடி. கடைசிக் குஞ்சு எதிர்ச் சுவரைத் தொட்டு, தள்ளாடி, திரும்பி வந்துகொண்டிருந்தது.